தட்டில் வைக்கும் போன்

தம்பி,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஆறு வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓட்டுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து பேசியதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது.

நீ கேட்டது சின்ன விஷயம். அடுத்த மாதம் உனக்கும் நிவேதாவுக்கும் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது சேலை, பூ, பழம், மஞ்சள் குங்குமத்தோடு பெண்ணுக்கு ஒரு போனும் வைப்பது நம் பக்கத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. அதுவும் பெட்டியோடு வைப்பதில்லை. பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, மாப்பிள்ளையின் நம்பரை முதல் நம்பராகப் பதிந்து, அவன் படத்தை முகப்பில் போட்டு, எடுத்த எடுப்பில் பேசுகிற மாதிரி வைக்க வேண்டும். பெட்டியோடு வைத்தால் கடையிலிருந்து அப்படியே தூக்கிவந்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார் குறைவாக நினைப்பார்களாம். அந்தப் பெண் அதுவரை வைத்திருந்த போன் அன்றைக்கே அவள் வீட்டில் வேறு யார் கைக்காவது போய்விடும். இந்தப் பிரித்து வைக்கும் வேலையைத்தான் நீ என்னிடம் ஒப்படைத்தாய்.

"உங்களுக்குத்தாம்ப்பா இதெல்லாம் சரியா வரும். நல்லதா பாத்து வாங்கி நீங்களே செட் பண்ணிடுங்க. நம்ம ஃபேமிலி அக்கவுண்ட்லயே போட்டுடுங்க. லொக்கேஷனும் ஆன் பண்ணிடுங்க. குரும்பகரத்துலேருந்து தெனம் வண்டியில வேலைக்குப் போறா வர்றா, எங்க இருக்கான்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"நிவேதாகிட்ட கேட்டியா?" என்றேன்.

"இதுல என்னப்பா கேக்குறது? அவளுக்காகத்தானே செய்யறோம்."

"சரிப்பா, பாத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் நீ சொன்னபடி நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று சொல்வதற்கு நான் உனக்குச் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் வெறுமனே புத்திமதி மட்டும் எழுதினால் அது இன்னொரு ஏமாற்றாகிவிடும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் போனுக்கு நான் எதை அனுப்பினாலும் அந்த வழி சுத்தமான வழியில்லை என்பது உன்னைவிட எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அந்த ஃபேமிலி அக்கவுண்ட் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் பாரீஸிலிருந்து செல்வம் மாமா வருவான். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நேரு மார்க்கெட்டில் மீன் வாங்கப் போவான். "முசியே வந்தாச்சு" என்று, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, கடைக்காரர்கள் பாதி மரியாதையும் பாதி கேலியுமாகக் கூப்பிடுவார்கள். அவனுக்குக் கேலி மட்டும் கேட்காது. பெட்டியைத் திறந்தால் அவன் வீட்டில் போன வருடம் வைத்திருந்த போன்கள் வரும். உன் அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு வருடம் பழைய லேப்டாப்பும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே அக்கவுண்ட்டில், அவனுடைய அக்கவுண்ட்டில், போட்டுத்தான் கொடுப்பான். "புதுசா போட்டா நான் வாங்குன பாட்டெல்லாம் போயிடும் அத்தான்" என்பான். நம் குடும்பத்தில் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. ஒரே உறவு, ஒரே அக்கவுண்ட். காரைக்காலில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. வெளிநாட்டில் இருப்பவரின் பழைய போன், வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்வேர்டு, ஊரில் இருப்பவர்களின் பிழைப்பு முழுவதும் அதற்குள்ளே.

அவன்மேல் எனக்குள்ள கோபம் போனால் வந்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து, அந்த வழியில் போய், முதலில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு ரயில்வேயில் நுழைந்து, இன்று எனக்குக் கிடைக்காத எல்லாவற்றையும் வைத்திருக்கிறான். நான் எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம். அந்தப் பதக்கத்தோடு ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் கோப்பு நீட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அதிகாரியின் தப்பான குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக மூன்று வருடம் யானாமுக்குத் தூக்கியடிக்கப்பட்டேன். தெலுங்கு பேசும் ஊரில், அந்த மொழி தெரியாமல், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். அந்த மூன்று வருடத்தில்தான் நீ உயரமாக வளர்ந்தாய், நான் பார்க்கவில்லை. அந்த அதிகாரியை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் என் கோபத்தை அவரிடம் காட்ட முடியாமல் வேறு எங்கெங்கோ காட்டினேன் என்பதை மட்டும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உன் அம்மாவின் கால் வீங்கிய கதையை நீ சிரித்துச் சிரித்துச் சொல்வாய். அவள் டாக்டரிடம் காட்டுவதற்காகத் தன் பாதத்தைப் போனில் படம் எடுத்தாள். அடுத்த அரை மணி நேரத்தில் பாரீஸிலிருந்து போன்.

"அக்கா, காலு ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"ஒனக்கு யாருடா சொன்னா? நான் இவருகிட்டகூட இன்னும் சொல்லல."

"எங்க வீட்டு டிவியில வருது அக்கா. விருந்தாளிங்க ஒக்காந்திருக்காங்க. நம்ம ஊரு போட்டோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, கோயில் குளம் வந்துச்சு, அடுத்து ஒன் காலு வந்துச்சு."

"பாரீஸ் டிவியில என் காலா? மெட்டியக்கூட கழட்டலையேடா!" என்று உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எடுத்து வைத்திருந்த படங்களெல்லாம் என்னென்ன என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் மருத்துவ அறிக்கை, மேலிடத்துக்கு நான் எழுதிய புகார் மனு, கூட்டுறவு வங்கியின் நோட்டீஸ். எல்லாம் அவன் வரவேற்பறையில் ஓடியிருக்கும். அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை வாங்கினேன். அவன் மறுப்பே சொல்லவில்லை. "நீங்கதான் படிச்சவரு அத்தான், நீங்களே வெச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டு, தனக்கு வேறு அக்கவுண்ட் தொடங்கிக்கொண்டான். நான் பாஸ்வேர்டை மாற்றினேன். அவன் வீட்டுச் சாதனங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். மீட்பு நம்பராக என் நம்பரைப் போட்டேன். இனிமேல் யாருக்கு ஓ.டி.பி. வந்தாலும் அது என்னிடம்தான் வரும். "அப்பா எல்லாத்தையும் சேஃப் பண்ணிட்டாரு" என்று நீயே உன் அம்மாவிடம் சொன்னாய். அன்றைக்கு நான் உனக்கும் அவளுக்கும் தனித்தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை.

நீ அப்போது புதுச்சேரியில் கல்லூரிக் கடைசி வருடம். ஒரு மாலையில் நான் லேப்டாப்பில் மின்கட்டண ரசீதைத் தேடிக்கொண்டிருந்தேன். படங்களின் வரிசையில் நீ உன் போனில் பிடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தின் படம் வந்து நின்றது. பாரீஸ் பக்கத்தில் ஒரு கல்லூரி உனக்கு மேற்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தது. அதற்கு அடுத்த படத்தில் செல்வம் மாமா வீட்டில் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வேண்டுமென்றே தேடிப் பார்த்ததில்லை என்பதால் அதுவரை நடந்ததை விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்தது விபத்து இல்லை.

பொங்கலுக்கு வந்திருந்தாய். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே தூங்கினாய். உன் போன் தலைமாட்டில் கிடந்தது. அதற்கு நீ கைரேகைப் பூட்டு வைத்திருந்தாய். உன் வலதுகைக் கட்டைவிரலை எடுத்து வைத்தேன். போன் ஏற்கவில்லை. விரலில் மீன் குழம்பின் எண்ணெய் இருந்தது. என் துண்டால் உன் விரலைத் துடைத்து மறுபடி வைத்தேன். திறந்துகொண்டது. நீ லேசாகப் புரண்டு, கையை இழுத்து, கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாய். நான் உன் மெசேஜ்களை லேப்டாப்போடு இணைத்துவிட்டு, போனை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்தேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து "அவன எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்றாள். "நான் எழுப்பல" என்றேன்.

அன்றிலிருந்து நான்கு மாதம் படித்தேன். தினமும் அலுவலகத்திலிருந்து வந்து, காபி குடித்துவிட்டு, மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல உன்னைப் படித்தேன். நீயும் உன் சிநேகிதன் பிரகாஷும் பேசிக்கொண்டதில் ஒரு வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "அப்பாகிட்ட கடைசியில சொல்லிக்கலாம்டா. அவருக்கு மாமான்னா எரியும். யானாம்ல மூணு வருஷம் தனியா இருந்ததுக்கு ஊரையே பழிவாங்குறாரு." எனக்கு எழுதாத கடிதத்தைப் படித்தால் இப்படித்தான் இருக்கும். உன் வயதில் நானும் என் அப்பாவைப் பற்றி இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன், தேநீர்க் கடையில், காற்றோடு போகிற மாதிரி. உன்னுடையது காற்றோடு போகவில்லை. நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் செல்வத்தைக் கூப்பிட்டேன். தங்க இடம் தருகிறேன் என்று அவன் உறுதிக் கடிதம் அனுப்பினால்தான் உனக்கு விசா கிடைக்கும், அதற்குக் கடைசி நாள் நெருங்குகிறது என்பதெல்லாம் உன் மெசேஜ்களில் படித்து எனக்குத் தெரியும்.

"செல்வம், குமரனுக்கு அங்க வர்றதுல இஷ்டமில்லப்பா. ஒன் மொகத்துக்கு நேரா சொல்லக் கூச்சப்படுறான்" என்றேன்.

"அப்படியா சொன்னான்? நேத்துகூட ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு கேட்டேனே அத்தான். மஞ்சள் வேணாம் மாமா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னான்."

"அதத்தான் சொல்றேன். நீ ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிகிட்டு இருந்தா அவன் எப்படி வேணாம்பான்? தோதுப்படலேன்னு நீயா சொல்லிடு. நான் பேசினதா காட்டிக்காத."

"சரி அத்தான். புள்ள மனசு கஷ்டப்படக்கூடாது. நானே சொல்லிக்கிறேன்."

அவன் சொன்னபடியே செய்தான். இந்த வருடம் தோதுப்படவில்லை என்று உனக்கு இரண்டு வரி அனுப்பினான். நீ நான்கு தடவை கூப்பிட்டாய். என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் எடுக்கவில்லை. பிறகு நீ அவன் நம்பரையே தடை செய்துவிட்டாய். அந்த வாரம் ஊருக்கு வந்து இறங்கினாய். பேருந்து நிலையத்துக்கு நான்தான் வந்தேன். எதிரே பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். நீ சாப்பிடவில்லை. "மாமா இப்படிப் பண்ணுவாருன்னு நெனக்கலப்பா" என்றாய். "ஒறவுன்னா அவ்ளோதாம்ப்பா" என்று சொல்லி உன் தட்டில் சால்னா ஊற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. யானாமிலிருந்து திரும்பிய பிறகு நீ எனக்கு எதிரே உட்கார்ந்து மனசு விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். நீ பிரகாஷுக்கு எழுதியிருந்தாய்: "அப்பா மட்டும்தான்டா கூட நின்னாரு." அதோடு அந்த இணைப்பைத் துண்டித்தேன். வெட்கம் வந்து நிறுத்தினேன் என்று நீ நினைக்க வேண்டாம். அந்த வரிக்கு மேல் படிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். ஆனால் அக்கவுண்ட் பாஸ்வேர்டு இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய் என்பது நான் விரும்பினால் இப்போதும் தெரியும். நான் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்று நான் சொல்வதை நம்புவதற்கு உனக்கு ஒரு காரணமும் இல்லை என்பதையும் அறிவேன்.

இப்போது நிவேதாவின் போனுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காரைக்கால் கடைத்தெருவில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்ததும் கேமராவைப் பற்றி ஆரம்பித்தார். "இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும்?" என்று கேட்டேன்.

"சார், பொண்ணுக்குக் குடுக்குற போனா, போலீஸுக்குக் குடுக்குற போனா?"

"பொண்ணுக்குத்தான்."

"அப்ப ஏன் சார் கவலைப்படுறீங்க? ரோஸ் கலர் இருக்கு. நிச்சயதார்த்தப் போன் எல்லாம் நம்ம கடையிலதான் செட் பண்ணித் தர்றோம். அக்கவுண்ட் நானே போட்டுடுவேன். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மறக்காது பாருங்க."

"யாருக்கு மறக்காது?"

"எனக்குத்தான் சார்" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. இந்த ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களின் போன் சாவி அவர் தலைக்குள் இருக்கிறது, அதில் ஏதாவது தப்பு உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்குத் தோன்றியிருக்கிறது என்பதைத் தவிர, நான் அவரைவிட யோக்கியன் இல்லை.

புதன்கிழமை நானும் உன் அம்மாவும் குரும்பகரம் போனோம், தட்டு மாற்றும் நேரத்தைப் பேசி முடிக்க. நிவேதாவின் அம்மா பேச்சோடு பேச்சாக, "புது போன் வந்ததும் இவ பழசு எங்க நாத்தனாருக்குங்க, அவங்க இப்பவே கேட்டுட்டாங்க" என்றார். கிளம்பும்போது நான் வண்டியை எடுக்க, நிவேதா வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, பழைய போன நானே வெச்சுக்கலாமா? எங்க வீட்டுல நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஏம்மா, அதுல ஏதாவது முக்கியமா இருக்கா?"

"ஒண்ணும் தப்பா இல்ல மாமா. ஆனா என்னோடது." பிறகு நான் தவறாக எடுத்துக்கொண்டேனோ என்று பயந்து சிரித்தாள். "நான் வேலை பாக்குற ரத்த டெஸ்ட் லேப்ல ரிசல்ட்ட கவர்ல போட்டு ஒட்டித்தான் குடுப்போம். உள்ள ஒண்ணுமே இல்ல, எல்லாம் நார்மல்னு எங்களுக்கே தெரியும். இருந்தாலும் பேர் உள்ளவங்கதான் பிரிக்கணும்."

"வெச்சுக்கம்மா. நான் சொல்றேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குக் காது கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிய பேச்சு, எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நிம்மதி என்ற அந்தப் பேச்சு, என்னுடையது. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனாலும் நீ கற்றுக்கொண்டிருக்கிறாய்.

ஆகவே இதைக் கேள். போன் வாங்கும்போது நிறத்தையும் கேமராவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தயாரித்த கம்பெனி பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் தருவதாகச் சொல்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அது நின்றுவிட்ட போன், தாழ்ப்பாள் துருப்பிடித்த வீடு மாதிரி. யாருடைய பழைய போனையும் அப்படியே வாங்காதே, உன்னுடையதையும் அப்படியே கொடுக்காதே. முழுவதும் அழித்து, பழைய அக்கவுண்ட்டிலிருந்து வெளியேறி, புதிதாகத் தொடங்கினால்தான் அது கைமாறியதாக அர்த்தம். பூட்டு எண்ணுக்குக் கல்யாணத் தேதியையும் பிறந்த வருடத்தையும் போடுவது நம் குடும்ப வியாதி, அதை விட்டுவிடு. நான்கு எண் போதாது, ஆறு எண்ணாவது வேண்டும். கைரேகையும் முகமும் வசதிதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தூங்குகிற மனிதனின் விரல் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைத் தெரிந்துகொண்டு வைத்துக்கொள். மெசேஜ் செயலியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார். அந்த நான்கு மாதத்தில் நீ ஒரே ஒரு நாள் அதைத் திறந்திருந்தால் என்னைப் பிடித்திருப்பாய். டார்ச் லைட் செயலி உன் தொடர்பு எண்களைக் கேட்டால் கொடுக்காதே. இதெல்லாம் எங்கேயோ இருக்கும் திருடர்களுக்கு எதிராக. கம்பெனிக்காரர்கள் அவர்களை நினைத்துத்தான் பூட்டுச் செய்கிறார்கள். ஒரே கூடத்தில் தூங்குகிறவர்களுக்கு எதிராக யாரும் பூட்டுச் செய்து விற்கவில்லை. அதை நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், மற்றவர் கையில் அல்ல, நம் கையில்.

நிவேதாவின் அக்கவுண்ட் அவள் பெயரில், அவள் தொடங்கியதாக இருக்கட்டும். மீட்பு நம்பர் அவளுடைய பழைய நம்பராகவோ அவள் தேர்ந்தெடுக்கும் யாருடையதாகவோ இருக்கட்டும். உன்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. என்னுடையதாக நிச்சயம் இருக்கக்கூடாது. இருட்டுகிற நேரத்தில் அவள் குரும்பகரம் சாலையில் தனியாக வருகிறாள் என்று உனக்குக் கவலை இருந்தால் அவளிடம் சொல். அவளாக விரும்பினால் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருப்பிடம் அனுப்புகிற வசதி போனிலேயே இருக்கிறது. அதுகூட வேண்டாம் என்று அவள் சொன்னால் கவலைப்பட்டுக்கொண்டு சும்மா இரு. கவலைப்படுகிற உரிமை நமக்கு உண்டு, பார்க்கிற உரிமை இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை நாள் ஆனது, அதுவும் பாதிதான் புரிந்திருக்கிறது.

போனை வாங்கிவிட்டேன். ஐந்து வருடம் அப்டேட் வருவது. பில் நிவேதா பெயரில். சீல் உடைக்கவில்லை, உடைக்கவும் மாட்டேன். பெட்டியோடுதான் தட்டில் வைக்கப்போகிறோம். அவள் அம்மா குறைவாக நினைத்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஃபேமிலி அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு இந்த உறையில் தனித்தாளில் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் மாற்று, என் நம்பரை நீக்கு. ஓ.டி.பி. எனக்கு வரும்போது மட்டும் கூப்பிட்டுக் கேள், சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

செல்வம் மாமா விஷயம் மிச்சமிருக்கிறது. "மாமா சீரெல்லாம் எனக்கு வேணாம்மா, அவரு பேரே போடாதீங்க" என்று நீ சொன்னதால் தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை எழுதினோம். உன் அம்மா எழுதும்போது அழுதாள். "என் தம்பி அப்படிச் செய்யறவன் இல்லீங்க" என்று என்னிடம்தான் சொன்னாள், வேறு யாரிடம் சொல்வாள். நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இந்த வாரம் சொல்லிவிடுவேன். செல்வத்திடமும். அவனுக்கு இன்றுவரை நீதான் வேண்டாம் என்றாய் என்று நினைப்பு. ஆறு வருடமாக அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு, நான் பேசியதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறான். அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது. அரைக்கால் சட்டையும் பிடிக்காது, அந்தச் சிரிப்பும் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் அவன் குற்றமற்றவன். அச்சகத்தில் அடுத்த வார வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை நீ முடிவு செய்.

கடிதத்தை முடிக்கும்போது கீழே "உன் அப்பா" என்று எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தை உன்னிடம் எதையோ கேட்கிற மாதிரி இருந்தது. கடிதத்தின் கீழே அது வந்து நின்றால் நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கும், முடியாவிட்டால் முடியவில்லையே என்று வருந்த வேண்டியிருக்கும். இரண்டுக்கும் உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பினால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள். அதனால் சாதாரணத் தபால்தலை ஒட்டி, நாளைக் காலை அலுவலகம் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன். இதை எழுதியவனை என்னவென்று கூப்பிடுவது என்பதை நீ படித்து முடித்தபின் முடிவு செய்துகொள். நான் கையெழுத்துப் போடவில்லை.